எலும்புக்கூடும் சூப்பும் என் தோல்வியும்

டெமாய்ன், அயோவா
அக்டோபர் 31

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய லுவெல்லா அக்காவுக்கு,

தம்பி எல்டன் எழுதுவது. இங்கே நானும் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனும் ஆளுக்குக் கொஞ்சம் இருமிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

நம் பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். என் மனைவி மார்லிஸ் இறந்துபோன இந்தப் பத்து மாதத்தில் தபால்காரரைத் தவிர யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை என்றாய். ஹாலோவீனுக்குள் தெருவில் ஒரே ஒரு சினேகிதமாவது பிடிக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு உன் பின்னறைக்கு வந்துவிட வேண்டும் என்றாய். நானும் ரோஷத்தில் தலையாட்டினேன். மார்லிஸ் வாழ்ந்த வீட்டை விட எனக்கு மனசில்லை அக்கா. அதனால்தான் எங்கள் தெருப் பிள்ளைகளின் ஹாலோவீன் கொண்டாட்டத்துக்குத் தொண்டனாகப் பெயர் கொடுத்தேன்.

கொண்டாட்டத்தை நடத்துவது எதிர்வீட்டு பெர்னடெட். பல் மருத்துவர். பிள்ளைகளுக்கு மிட்டாயை வாரிக் கொடுப்பதில் அவளுக்கு என்ன லாபம் என்று நான் கேட்கவில்லை. நேற்று என்னை மிட்டாய் மேசையில் உட்கார வைத்தாள். நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஹாலோவீனுக்கு முந்தின நாள் ராத்திரியே பிள்ளைகள் வேஷம் கட்டி வருவார்கள், ஜோக் சொன்னால்தான் மிட்டாய்.

“சும்மா உக்காந்து சிரிங்க எல்டன், அது போதும்” என்றாள்.

முப்பத்து நான்கு வருஷம் கடைக்காரர்களின் தராசைச் சோதித்தவனிடம் போய்ச் சும்மா உட்காரச் சொன்னால் நடக்கிற காரியமா? எலும்புக்கூடு ஏன் சூப் குடிக்காது, குடித்தால் விலா வழியாகத் தரையில் ஊற்றிவிடும் என்று முதல் பிள்ளை சொன்னது, கொடுத்தேன், இரண்டாவதும் அதையே சொன்னது, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன், நான்காவதாக வந்த கடற்கொள்ளைக்கார வேஷப் பையனும் அதே சூப்பைத் தூக்கிக்கொண்டு வரவே “இது ஏற்கெனவே சொன்னதுப்பா, வேற யோசிச்சுட்டு வா” என்று திருப்பி அனுப்பினேன், உடனே அவன் அப்பா வந்து “யோவ், மிட்டாய்தானே, கிட்னியா கேட்டான்?” என்று சண்டைக்கு நின்றார், வரிசை தெருமுனைவரை போய்விட்டது.

அப்போதுதான் அட்டைப்பெட்டியில் துவைக்கும் இயந்திரமாக வேஷம் கட்டிய ஜூனி வந்தாள். ஐந்து வயது இருக்கும். “ஒரு மாடு பஸ் ஏறப் போச்சு” என்றாள். “எந்த பஸ்?” என்றேன். அவள் அசந்துபோய் யோசித்தாள். “மஞ்ச பஸ். ஆனா அதுக்கு முன்னாடி மாடு பல்லு தேச்சுது. அதுக்கும் முன்னாடி பிரஷ்ஷக் காணோம்.” பதினோரு நிமிஷம் ஆயிற்று, மாடு வாசலைத் தாண்டவில்லை. பெட்டிக்குள்ளிருந்து குரல் சரியாகக் கேட்காததால் மேசையில் கையூன்றிக் குனிந்தேன். மடக்கு மேசை மடங்கிவிட்டது. நானும் மொத்த மிட்டாயும் பக்கத்திலிருந்த ஆப்பிள் சாறுத் தொட்டிக்குள் போய் விழுந்தோம்.

பெர்னடெட் துண்டைக் கொடுத்து, “நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க எல்டன்” என்றாள். அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் விரட்டியதில்லை. ஈரச் சட்டையோடு தெருவைக் கடந்தபோது அழுகை வந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

ஆகவே பின்னறையைத் தூசி தட்டி வை. உன் பூனைக்கும் மாமாவுக்கும் என் விசாரிப்புகள். உன் முழங்கால் நீடூழி வாழட்டும்.

தோற்றுப்போன தம்பி,
எல்டன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் படிக்காதே. உறையை ஒட்டும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஜூனி, அவள் அம்மா, பின்னால் அந்தக் கடற்கொள்ளைக்காரன். “மிட்டாயெல்லாம் நேத்தே நனைஞ்சுபோச்சும்மா” என்றேன்.

“மிட்டாய் வேணாம். ஜோக்கு பாதியில நிக்குது” என்றாள் ஜூனி.

அவள் அம்மாதான் சொன்னாள்: “நேத்துலேருந்து இதே பேச்சுங்க. மத்தவங்கல்லாம் பாதியிலயே சிரிச்சு, மிட்டாயப் போட்டு அனுப்பிடறாங்களாம். நீங்க ஒருத்தர்தான் எந்த பஸ்ஸுன்னு கேட்டீங்களாம்.”

இப்போது மூவரும் என் சமையலறையில், மார்லிஸின் நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்திருக்க, கோகோ குடிக்கிறார்கள். பின்னறையை வேறு யாருக்காவது கொடு அக்கா. என்னால் இப்போதைக்கு வர முடியாது. மாடு இப்போதுதான் பஸ்ஸில் ஏறியிருக்கிறது.