விரல் நுனிகள் வேலைக்கு வராத நாற்பத்தொரு நாள்

மனிதத் தோலின் நடத்தையை விசாரிக்க உலகிலேயே முதன்முறையாகக் கூடிய அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் பதிவுசெய்துவிடுவதே முறை. மேசையின் தலைமாட்டில், சுழல் நாற்காலியில், மேலாளர். அவருக்கு வலப்புறம், மடியில் விதிமுறைப் புத்தகத்தோடு, மனிதவள அதிகாரி. இடப்புறம், ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில், வாரம் ஒருமுறை வந்துபோகும் கம்பெனி டாக்டர். கதவோரம் கடித எழுத்தர். ஒரு வரி எழுதினாலும் அதற்கொரு நகல் எடுத்துவைப்பவர் என்பதால் அலுவலகம் முழுக்க அவருக்கு ‘நகல்’ என்றே பெயர். ஐந்தாவது நாற்காலி காலி. அதன் பக்கத்தில் துப்புரவு அக்கா நின்றுகொண்டிருந்தார். அவர் வந்திருக்கிறார் என்பதே இன்னும் நிரூபணமாகவில்லை. ஆகவே உட்காரச் சொல்ல விதியில்லை.

நிறுவனத்தின் பெருமையை நாலு வரி சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்டதனம். தரை துடைக்கும் திரவம் தயாரிப்பது அதன் தொண்டு. ‘அடையாளமே மிஞ்சாது! கைக்கோ பூப்போல!’ என்பது புட்டியின் மேல் அச்சடித்த சத்தியவாக்கு. சொந்தச் சரக்கில் சொந்த நம்பிக்கை வேண்டும் என்று, அலுவலகத்தின் மூன்று மாடியையும் அந்தத் திரவத்தால்தான் துடைக்க வேண்டும், அதுவும் வெறுங்கையால்தான் துடைக்க வேண்டும் என்று மேலாளர் உத்தரவிட்டிருந்தார். கையுறை போட்டுத் துடைப்பதை வந்துபோகும் வியாபாரிகள் பார்த்தால் பூவின் மானம் என்ன ஆவது?

அக்கா பதினோரு வருடம் துடைத்தார். போன பருவத்தில் ‘இரட்டை ஆற்றல்’ என்ற புதுச் சரக்கு வந்தது. அது வந்த சில வாரங்களில், வாசலில் விரல் வைத்து வருகை பதியும் இயந்திரம் அக்காவை மறந்துவிட்டது. விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. “மன்னிக்கவும், நீங்கள் யாரென்று தெரியவில்லை” என்று ஒரு பெண்குரல் வெகு மரியாதையாகச் சொல்லும். இப்படி நாற்பத்தொரு நாள். தொடர்ந்து நாற்பது நாள் வராதவரைப் பணிநீக்கம் செய்யலாம் என்பது விதி.

“என்னம்மா, நாப்பத்தோரு நாளா எங்க போயிருந்தே?” என்று மேலாளர் விசாரணையைத் தொடங்கினார்.

“இங்கதான் சார் இருந்தேன். நேத்துகூட உங்களக் காலைத் தூக்கச் சொல்லிட்டு மேசைக்கடியில துடைச்சேனே.”

“அது வாய்ப்பேச்சு. ரெக்கார்டு என்ன சொல்லுது?”

“ரெக்கார்டுல ஆளே இல்ல சார்” என்றார் மனிதவள அதிகாரி.

“கேட்டுக்கிட்டியா?”

டாக்டர் அக்காவின் கையைப் பிடித்து, விரல் விரலாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். “தோல்னா லேசுப்பட்டது இல்ல சார். உடம்புலயே பெரிய உறுப்பு அதுதான். வெளிய இருக்குற கிருமியை உள்ள விடாது, உள்ள இருக்குற தண்ணிய வெளிய விடாது.”

“வாட்ச்மேன் வேலை” என்றார் மேலாளர். நகல் குறித்துக்கொண்டார்.

“உடம்பு சூடானா வேர்க்க வச்சுக் குளிர்விக்கும்.”

“ஏசி மெக்கானிக்.”

“வெயில் பட்டா வைட்டமின் டி தயாரிக்கும். எண்ணெய் சுரந்து தன்னைத்தானே பதமா வச்சுக்கும். சூடு, குளிர், வலி எல்லாத்தையும் உடனே மேலிடத்துக்குத் தெரிவிக்கும். முடி, நகம்னு ரெண்டு உதவியாளர் வேற.”

“இத்தனையும் ஒரே ஆளா?” மேலாளரின் கண்ணில் நிஜமான ஏக்கம் தெரிந்தது. “நம்ம கம்பெனியில இப்படி ஒருத்தர் உண்டா?”

நகல் தலையைத் தூக்கினார். மூன்று மாடி, ஒன்பது கழிப்பறை, நாற்பத்தாறு மேசை, ஒரே ஆள். அந்த ஆள் எதிரில் நின்றுகொண்டிருந்தார். நகல் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

“இவங்களுக்குப் பத்து விரல்லயும் மேல்தோல் தேஞ்சு வழவழன்னு போயிருச்சு. நகக்கண்ணெல்லாம் வெடிச்சிருக்கு. காரணம் அந்தத் திரவம்தான்” என்றார் டாக்டர். “வலிக்குதாம்மா?”

“மொதல்ல நெருப்பா எரிஞ்சுது டாக்டர். இப்ப ஒண்ணுமே தெரியல. எம்பொண்ணுக்குக் காய்ச்சலான்னு பாக்கக்கூடக் கன்னத்த வச்சுத்தான் பாக்குறேன்.”

ஏசி மட்டும் தன் கடமையைச் செய்தது.

“பாத்தீங்களா!” என்று மேலாளர் மேசையைத் தட்டினார். “வலியே இல்லையாம்! பூப்போலன்னு நாம போட்டது பொய்யா?”

“சார், மேல்தோல் தானா வளரும். ஒரு மாசம் லீவு குடுங்க, அப்புறம் கையுறை குடுங்க. ரேகை அநேகமா திரும்பி வந்துரும்.”

மனிதவள அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். “லீவு தாராளமா குடுக்கலாம். ஆனா வேலைக்கு வர்றவங்களுக்குத்தானே லீவு? வராதவங்க எதுலேருந்து லீவு எடுப்பாங்க?”

டாக்டர் பூதக்கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“கையுறை கேட்டு மூணு தடவ விண்ணப்பம் குடுத்திருக்காங்க சார்” என்றார் நகல். “எழுதிக் குடுத்தது நான்தான். நகல் இருக்கு.”

“ஏம்ப்பா, உன் நகலத் தூக்கி உடைப்புல போடு. பணிநீக்கக் கடிதம் எழுது. காரணம் தெளிவா இருக்கணும். டாக்டர் சொன்னதையும் சேர்த்துக்க, நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேக்கக் கூடாது. நம்ம சரக்கப் பத்தியும் ரெண்டு வார்த்தை நல்லதா போடு.”

நகல் தன் மேசைக்குப் போனார். அக்கா பின்னாலேயே வந்தார்.

“தம்பி, என் வேலை போயிருச்சா?”

“கடிதம் போய்ச் சேர்ற இடத்தைப் பொறுத்து இருக்குக்கா.”

சின்ன ஊர்ப் பள்ளியில் படித்தவர் நகல். பொருள், பார்வை, காரணம், இணைப்பு, நகல் என்று ஐந்தையும் விடாமல் எழுதினால்தான் கடிதம் என்று அங்கே முட்டிபோட வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் ஐந்தையும் எழுதினார். மேலாளர் வாய்விட்டுப் படித்தார்:

“எங்கள் ‘இரட்டை ஆற்றல்’ திரவம் அடையாளமே மிஞ்சாமல் நீக்கும் என்ற வாக்கு மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. தங்கள் பத்து விரல்களிலும் ஒரு ரேகைகூட மிஞ்சவில்லை என்றும், அதற்கு எங்கள் திரவமே காரணம் என்றும் எங்கள் டாக்டரே சோதித்துச் சொல்லியுள்ளார். எங்கள் சரக்கின் மேல் எங்களுக்குள்ள நம்பிக்கையால், கையுறை கேட்டுத் தாங்கள் தந்த மூன்று விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை. ரேகை இல்லாத காரணத்தால் தாங்கள் நாற்பத்தொரு நாள் வேலைக்கு வரவில்லை. அந்த நாற்பத்தொரு நாளும் மூன்று மாடியும் தவறாமல் துடைக்கப்பட்டுள்ளன; துடைத்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆகவே தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.”

மேலாளரின் முன்கையில் முடி குத்திட்டு நின்றது. டாக்டர் சொன்ன அந்த உதவியாளர் அன்று ஒழுங்காக வேலை பார்த்தார். “பிரமாதம்யா! இது கடிதமா, விளம்பரமா!” என்று கையெழுத்துப் போட்டார். “கீழ என்னமோ நகல்னு போட்டிருக்கே?”

“வழக்கமா போடுறதுதான் சார். சம்பந்தப்பட்டவங்களுக்கு.”

“போடு, போடு. நம்ம பெருமை நாலு பேருக்குத் தெரியட்டும்.”

‘நகல்’ என்ற சொல்லுக்குக் கீழே அரசாங்கத் தொழிலாளர் துறை ஆய்வாளரின் முகவரி, தெருப் பெயர் கதவு எண்ணோடு, சுத்தமான எழுத்தில் இருந்தது. இணைப்பாக மூன்று விண்ணப்பங்கள்.

“தபாலாபீசுக்கு யார் போறது?” என்று கேட்டார் நகல்.

“அந்தம்மாவையே அனுப்பு. எப்படியும் வெளியதானே போகுது” என்றார் மனிதவள அதிகாரி.

நகல் ஆய்வாளரின் உறையில் பசை தடவினார். அக்கா கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். ஓரத்தில் பிதுங்கிய பசையில் அந்த விரல் நன்றாகப் பதிந்திருந்தது; அதில் ஒரு கோடுகூட இல்லை. நிறுவனம் வாக்குத் தவறாதது.

வாசலைத் தாண்டும்போது, பழக்கதோஷத்தில் அக்கா இயந்திரத்தில் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு.

“மன்னிக்கவும், நீங்கள் யாரென்று தெரியவில்லை.”

“தெரியாட்டி போ” என்று அக்கா உறையை அதன் முகத்துக்கு நேரே ஆட்டினார். “எல்லாம் இதுல எழுதியிருக்கு.”

தபாலாபீசை நோக்கி நடந்தார்.