சளி பிடித்த பூனையும் ரீடிங் அண்ணனும்

அன்று காலை பாய்லர் ஷெட்டில் இருந்தவர்கள்: நான். கேன்டீன் வசந்தா அக்கா, கையில் இட்லி குண்டான். மேனேஜர், கையில் குடை. ரீடிங் அண்ணன், மூன்று நாள் தாடியோடு. அவர் மடியில், மஃப்ளருக்குள், ஒரு பூனை. அணைந்து கிடந்த பாய்லரையும் சேர்த்தால் ஆறு பேர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சூடு என்று எது இருந்தாலும் ரீடிங் அண்ணன் அதை அளக்காமல் விட்டதில்லை. அவருக்கு வேறு பெயர் உண்டு. சம்பள நாளில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அவர் பாய்லர் ஆபரேட்டர். நான் விறகு போடுகிறவன். மணிக்கு ஒரு தடவை பிரஷர், தண்ணீர் மட்டம், புகைச் சூடு பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். அது வேலை. அண்ணன் அதோடு நிற்கவில்லை. டீ வந்தால் டம்ளரைத் தொட்டு "எழுபது" என்பார். தூரத்தில் மேனேஜர் வரும் நடையைப் பார்த்து "ஒம்பது கிலோ" என்பார். எங்கள் பாய்லரில் பத்து கிலோ பிரஷர் ஏறினால் சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும். அதனால் வாயை மூடிக்கொண்டு விறகு அடுக்குவோம்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் கேட் நாய் கறுப்பன் நாக்கைத் தொங்கப்போட்டு விழுந்துவிட்டது. அண்ணன் கோணிச் சாக்கை நனைத்து விரித்து அதைக் கிடத்தினார். வயிற்றில் தண்ணீர் தெளித்தார். எங்களுக்கு இருந்தது ஒரே ஃபேன். அது நாய்க்குப் போனது. நாங்கள் நெருப்புக்கு முன்னால் வெந்தோம். லாக் புக்கில் எழுதினார்: கறுப்பன், இரண்டு மணி, நாக்கு வெளியே. மூன்று மணி, நாக்கு வெளியே. நான்கு மணி, நாக்கு உள்ளே.

ஆடிட்டுக்கு வந்தவர் அதைப் படித்துவிட்டு, கறுப்பன் எந்த லைனில் இருக்கிற வால்வு என்று கேட்டார்.

"கேட்டாண்ட படுத்துக்கினு கீது சார்" என்றார் அண்ணன்.

ஆடிட்டர் போய்ப் பார்த்தார். நல்ல கண்டிஷன் என்று எழுதிவிட்டுப் போனார்.

ஐப்பசி பிறந்தால் பூனைகள். தகரத்தில் மழை விழும். ஷெட்டுக்குள் ஆவி தரையோடு படுத்திருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு காது வரும். பிறகு ஒரு வால். எங்கிருந்து வந்தன, எத்தனை வந்தன, தெரியாது. தும்மல் கேட்டுத்தான் பூனை என்று தெரியும். நெருப்பு வெளிச்சத்தில் எல்லாம் மிதக்கிற மாதிரி இருக்கும். நானும் மிதக்கிற மாதிரி இருக்கும். விறகு கனத்தால்தான் நினைவு வரும்.

அதில் ஒன்று சாம்பல் நிறம். பெயரும் சாம்பல்தான். அதற்குச் சளி முற்றிவிட்டது. கண்ணில் பூளை, மூக்கு அடைப்பு, இரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை. கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா மருந்து கொடுத்தார். வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் பிழைக்காது என்றார். கதகதப்பாக வைக்க வேண்டும். மூக்கைத் துடைத்துவிட வேண்டும். தூரத்திலிருந்து கொஞ்சம் ஆவி படலாம். தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும், நாற்பது தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும்.

எண்ணு என்று அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று முதல் லாக் புக்கில் பிரஷருக்குப் பக்கத்தில் பூனை ஏறியது. மணிக்கு ஒரு தடவை.

அந்த வாரம் பார்த்து பாய்லருக்கு வருஷாந்தர இன்ஸ்பெக்‌ஷன். நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, திறந்து காட்ட வேண்டும். அண்ணன் தள்ளிப்போடச் சொல்லி லெட்டர் எழுதினார். காரணம்: பூனைக்குச் சளி.

மேனேஜர் லெட்டரோடு வந்தார். "இன்ஸ்பெக்டராண்ட இன்னான்னு சொல்றது? பூனைக்கு ஜலதோசம், அடுத்த வருசம் வாங்கன்னா?"

"ஒரு வாரம் போதும் சார்."

வேலையாட்கள் பெயர் எழுதும் மஸ்டர் ரோலில் பூனை இல்லை என்றார் மேனேஜர். சேர்த்துக்கொள்ளலாமே என்றார் அண்ணன்.

தேதி மாறவில்லை. நெருப்பை அவரே இழுத்து அணைத்தார். வேறு யாரையும் தொடவிடவில்லை. வருஷம் முழுக்கக் காதில் இருந்த சத்தம் நின்றது. மழை அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

ஆனால் பாய்லர் உடனே ஆறாது. செங்கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியும். முதலில் கூடையை நெருப்புக் கதவுக்கு முன்னால் வைத்தார். பிறகு பக்கச் சுவர். மறுநாள் புகைப் பாதை மூடி. கடைசியில் சாம்பல் குழி ஓரம். நிழல் நகர நகர மாட்டை மாற்றிக் கட்டுவதுபோல, சூடு நகர நகரக் கூடையை மாற்றினார். புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வீட்டிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஊட்டுக்கு வருவியா, இல்ல ஆதார்ல அந்த அட்ரஸையே மாத்திக்கினியா?"

"இங்க இன்னும் நாப்பது டிகிரி கீது. ஆறட்டும், வரேன்."

மூன்றாம் நாள் காலை எல்லாம் ஆறிவிட்டது. அவர் கை வைக்காத இடம் இல்லை. எங்கும் சூடு இல்லை. மூச்சு முப்பத்தெட்டு. மீனை மூக்கில் வைத்தாலும் சாம்பல் முகர்ந்து பார்க்கவில்லை. வெளியே முட்டளவு தண்ணீர், ஆட்டோ வராது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"பேஜாராயிடுச்சு நைனா."

என்னிடம் அவர் நம்பர் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் கேன்டீனுக்குப் போனேன். வசந்தா அக்கா கரண்டியோடு பூனைகளை விரட்டுகிறவர்.

"அக்கா, ஆவி வேணும். பூனைக்கு."

"போன மாசம் எம் மீனத் துன்ன மூதேவியா?"

"ஆமா."

கரண்டியைக் கீழே வைத்தார். "அப்போ அதுக்கு எம் மீனு புடிக்கும்" என்றார். குண்டானில் நெத்திலியைப் போட்டுக் கொதிக்க வைத்து, அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

வாசனை பிடித்துக்கொண்டு மேனேஜரும் வந்தார். கேன்டீன் ஏன் பாய்லர் ஷெட்டில் இருக்கிறது என்று கேட்டார். காற்று ஆவியைக் கலைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு குடையை விரித்து, காற்று வரும் பக்கம் பிடித்தார்.

"ஒம்பதுல வந்தாரு, இப்போ ரெண்டு" என்றார் அண்ணன் என் காதில்.

ஆவி மெல்ல வந்தது. சாம்பல் தும்மியது. மறுபடி தும்மியது. அண்ணன் வெந்நீர்த் துணியால் மூக்கைத் துடைத்தார். அதன் மூக்கு லேசாக அசைந்தது. தலை குண்டான் பக்கம் திரும்பியது. அக்கா ஒரு நெத்திலியை ஊதி ஆற்றி நீட்டினார். தின்றது.

"மெதுவா துன்னு. யாரும் புடுங்கல" என்றார் அக்கா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஐந்து மீன் ஆனதும் அண்ணன் ஆறிப்போன பாய்லரில் சாய்ந்தார். அப்படியே தூங்கிவிட்டார். சாம்பல் அவர் மார்பில் ஏறிச் சுருண்டு, அதுவும் தூங்கியது.

மணி பத்து. ரீடிங் எழுத வேண்டும். எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. நான் படித்தது அஞ்சாவது. லாக் புக்கைத் தொட்டதில்லை. மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கைக்கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தார்.

எண்ணி எழுதினேன். பிரஷர், பூஜ்யம். பூனை, இருபத்தாறு.

அதோடு முடித்திருக்கலாம். பூனைக்கு அடியில் அவர் மார்பும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு நிமிஷம் எண்ணினேன்.

அண்ணன், பதினான்கு.