அட்வான்ஸ் பத்திரமாக இருக்கிறது

வாங்கிய பணத்தைத் திருப்பித் தராமல் ஏமாற்றுகிறவர்கள் மனிதர்களில் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுதப் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். தர வேண்டும் என்று மனதார நினைத்து, தருகிறேன் என்று வாயாரச் சொல்லி, தராமலே காலத்தை ஓட்டுகிறவர்கள் இன்னொரு வகை. இவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஏனென்றால் இவர்கள் நல்லவர்கள். அந்த நல்லவர்களுக்குள்ளே ஒரு தனி இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில், தம் பெயரை முதலில் போட்டு ஒப்பந்தம் எழுதி, மற்றவர்களின் அட்வான்ஸைத் தம் கையில் வாங்கி வைத்துக்கொண்டிருப்பாரே, அவர்.

ஆணாக இருந்தால் இவர் பெயர் ‘அண்ணன்’. பெண்ணாக இருந்தால் ‘அக்கா’. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அட்வான்ஸ் கைமாறிய நிமிஷத்தில் உறவு பிறந்துவிடுகிறது. அதை வாங்கும்போது இவர்களுக்கு வருகிற சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும். வந்தவளின் பெட்டி இன்னும் மாடிப்படியில் இருக்கும், ஆட்டோக்காரர் மீதிச் சில்லறை தேடிக்கொண்டிருப்பார், அதற்குள் இவர் வாசலுக்கு வந்து, “அட்வான்ஸ் மட்டும் இப்பவே குடுத்துடும்மா, வீட்டுக்காரர் ஒரு மாதிரியான ஆளு” என்பார். வீட்டுக்காரர் எந்த மாதிரியான ஆள் என்று அங்கே குடியிருக்கும் யாருக்கும் தெரியாது. பாவம், அவரும் எங்கோ நிம்மதியாக இருப்பார்.

திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கடிகாரமே வேறு மாதிரி ஓடத் தொடங்கும். ‘உன் இடத்துக்கு ஆள் வரட்டும்.’ வந்தாயிற்று. ‘வந்தவ காசு குடுக்கட்டும்.’ கொடுத்தாயிற்று. ‘சம்பளத் தேதி தாண்டட்டும்.’ தாண்டியாயிற்று. கடைசியில் ஒரு கேள்வி வரும்: “காசு எங்கம்மா போகப் போகுது?” இதற்குப் பதில் சொல்ல இதுவரை யாராலும் முடியவில்லை. எங்கும் போகாமல் இருப்பதுதானே ஐயா புகாரே!

என் சித்தப்பா மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கூட இருந்த பெண்கள் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர் வைத்தார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். அவள் இருந்த இரண்டாம் மாடி வீட்டின் அக்கா ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார். இழப்பீடு கேட்டு வருகிறவர்களிடம் இன்னும் ஒரே ஒரு சான்றிதழ் கேட்பதுதான் அவருடைய உத்தியோகம். மிக நன்றாகச் செய்வார் என்று கேள்வி.

அவசரப்பட்டு அக்காவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். ஊசிக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு போட்டுவிட்டு நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தவர் அவர். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவள் செருப்பு அறுந்துபோக, தன் புதுச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அறுந்ததை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு போனவர். ரத்தம் வேண்டும் என்று கேட்டால் கையை நீட்டிவிடுவார். அட்வான்ஸ் என்று சொன்னால்தான் காது அடைத்துக்கொள்ளும்.

சித்தப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக வேறு ஊரில் இருந்தார். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், இனிமேல் படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஊசி அவரைத் தன்னோடு அழைத்து வந்து, பக்கத்திலேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, தரைத்தளத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்தாள். செய்தி கேட்டு அவளைவிட அக்காவுக்குத்தான் சந்தோஷம். கூடவே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், வாடகையைக்கூடப் பேசிக் குறைத்துவிட்டார். இரண்டாம் மாடி ஒப்பந்தத்தில் ஊசியின் பெயர் போய், கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் பெயர் ஏறியது. அந்தப் பெண் தன் பங்கு அட்வான்ஸை அக்கா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் குடிவருவதாகச் சொல்லிப் போனாள். இனி அக்கா அதை ஊசியிடம் கொடுக்க வேண்டும், ஊசி அதைப் புது வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதானே என்கிறீர்களா? நீங்கள் இன்னும் உலகம் தெரியாதவர்.

முதலில் சுவர்ப் பரிசோதனை நடந்தது. அக்கா கைவிளக்கு அடித்து, ஊசியின் கட்டிலுக்கு மேலே நிறுத்தினார்.

“இந்த ஆணி யாரு அடிச்சது?”

“நான் வரும்போதே இருந்துதுக்கா.”

“இருந்த ஆணி இதைவிடச் சின்னதா இருந்துது.”

ஆணி வளருமா? அக்கா வீட்டில் வளரும்.

இதற்குள் அறுவைச் சிகிச்சை முடிந்து, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டுக்கு? புது வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், அதற்கப்புறம் வேறு ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிடுவேன் என்று போனில் கறாராகச் சொன்னார். நீயாவது கொடுத்து உதவியிருக்கலாமே என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எழுதிப் பிழைக்கிறவன். என்னிடம் பணம் கேட்பதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு நாகரிகம்.

வேறு வழியில்லாமல் ஊசி அப்பாவை இரண்டாம் மாடிக்கே கூட்டி வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் படியில் உட்கார்ந்தார். வலியில் வாய் கோணியது. மகள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும், “ரைட்… போலாம்!” என்று கூவிவிட்டு மறுபடி எழுந்தார். சத்தம் கேட்டு அக்கா மேலிருந்து ஓடி வந்தார். கையைப் பிடித்து, தோளைக் கொடுத்து, பாதிப் பாரத்தைத் தாங்கி அவரை மேலே கொண்டு சேர்த்ததே அக்காதான்.

மூச்சு வாங்கி முடிந்ததும் சித்தப்பா கை கூப்பினார்.

“எம்பொண்ணோட அட்வான்ஸை நீங்கதான் பத்திரமா வச்சிருக்கீங்களாமே. இந்தக் காலத்துல யாரும்மா அப்படி வச்சிருக்கா?”

ஆபரேஷன் செய்துகொண்ட மனிதரிடம் எதற்கு இதையெல்லாம் என்று ஊசி அவரிடம் சொல்லி வைத்திருந்த பொய் அது. பொய் என்றும் சொல்ல முடியாது. பத்திரமாகத்தான் இருந்தது.

“அது என் கடமைங்கப்பா” என்றார் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அக்காவின் கட்டில் சித்தப்பாவுக்கு. அக்கா ஹாலில் பாய் விரித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்த வீடு ஒரு பஸ் ஆகிவிட்டது. குளியலறைக்கு எதிரே நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, சித்தப்பா போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். “உள்ள யாரு? சீக்கிரம் இறங்கும்மா, பின்னால கூட்டம் நிக்குது!” கூட இருந்த இன்னொரு பெண், துணிக்கடையில் கேஷியர், கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிவிட்டு மறுபடி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். டிவியை அவர் பஸ் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி வைத்தே பழகியவர். யாராவது வெளியே போனால் எங்கே போகிறாய் என்று கேட்பார்; திரும்பி வந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்பார். அக்கா முகம் சுளிக்காமல் சூப் வைத்துக் கொடுத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார், தலையணைக்கு உறை மாற்றினார். கொடுக்க வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் மாலை, காய்கறி நறுக்கிக்கொண்டே, அக்கா சித்தப்பாவின் பார்வையைத் தவிர்த்துக் கேட்டார்.

“ஏங்கப்பா, பஸ்ஸுல மீதிச் சில்லறையெல்லாம் கரெக்டா குடுத்துடுவீங்களா?”

“கேட்டவங்களுக்குக் குடுக்காம இருந்ததே இல்லம்மா. சில பேரு கேக்கவும் மாட்டாங்க. டிக்கெட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. பாவமா இருக்கும்.”

“அப்பக் குடுத்துடுவீங்க.”

“பைக்குள்ள சில்லறை கிடக்கும்மா. ஆனாலும் முதல்ல ‘இல்ல’ன்னுதான் வாயில வரும். ஏன்னு எனக்கே இன்னிக்கு வரைக்கும் புரியல.”

அக்கா அதற்கப்புறம் நறுக்கியது எல்லாம் கோணல்மாணலாக இருந்ததாக ஊசி சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அக்கா நின்றுகொண்டிருந்தார். ஊசி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது.

“நாளைக்குக் குடுக்கலேன்னா வீடு போயிடும்கா. நான் கடனா கேக்கறேன்? என் காசைத்தானே கேக்கறேன்!”

“உன் அவசரம் எனக்குப் புரியாதாடி? திங்கக்கெழமை பேங்க் திறக்கட்டும்.”

“போன்லயே அனுப்பலாமே.”

“அய்யோ, போன்ல காசு அனுப்பறதுன்னாலே எனக்குப் பயம்.” காலையில் வாசலுக்கு வந்த திரைச்சீலைக்கு அக்கா போனில்தான் பணம் அனுப்பியிருந்தார்.

“எங்கப்பாவால படி ஏற முடியாதுக்கா! அன்னிக்கு நீங்கதானே பாத்தீங்க!”

“அதான் ஏறி வந்துட்டாரே. இறங்கினாத்தானேடி மறுபடி ஏறணும்?”

இப்படி ஒரு நியாயத்தை எந்த வக்கீலாவது பேசியிருப்பாரா? அப்போது கதவு திறந்தது. வாக்கரை ஊன்றிக்கொண்டு சித்தப்பா நின்றார். முகமெல்லாம் மலர்ச்சி.

“அக்கா சொல்றதுதாம்மா சரி. எதுக்குப் புதுசா வீடும் வாசலும்? நாம இங்கயே இருந்துடலாம். காத்து நல்லா வருது. கட்டிலும் எனக்குத் தோதா இருக்கு. அட்வான்ஸும் ஏற்கெனவே இவங்க கையிலதான் இருக்கு, மறுபடி குடுக்கற வேலை இல்ல. ஒப்பந்தத்துல எம்பேரைச் சேத்துட்டாப் போதும். அந்தக் கண்ணாடிக் கடைப் பொண்ணு ஹால்ல படுத்துக்கட்டும்.”

ஹாலில் கேஷியர் கையிலிருந்து ஏதோ கீழே விழுந்து உருண்டது.

அக்கா சித்தப்பாவைப் பார்த்தார். கட்டில் இருக்கும் அறையைப் பார்த்தார். குளியலறைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார். பால் பொங்குவதற்குள் ஊசியின் கணக்கில் பணம் வந்து சேர்ந்துவிட்டது. ஆணிக்குப் பிடித்தது போக.

சித்தப்பா உண்மையாகச் சொன்னாரா, மகளுக்காக நாடகம் ஆடினாரா? நான் பிறகு நேரிலேயே கேட்டேன். “உண்மையாத்தான்டா சொன்னேன். தங்கமான மனுஷி. குளியலறையிலதான் கொஞ்சம் கூட்டம்” என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

மறுநாள் அவரைக் கீழே இறக்கியதும் அக்காதான். வண்டியில் ஏற்றி, முதுகுக்குத் தன் தலையணையையே வைத்துவிட்டு, ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடிப்பு இல்லை, நிஜமான அழுகை.

“எல்லாரும் இப்படித்தான்டி போவீங்க. உனக்கு முன்னால இருந்தவளுக்குக் கேட்ட அன்னிக்கே எடுத்துக் குடுத்தேன். கல்யாணம் ஆயிடுச்சுன்னு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால இருந்தவளுக்கு இழுத்தடிச்சேன். வாராவாரம் போன் பண்ணினா. ‘சாப்டீங்களாக்கா, தூங்கினீங்களாக்கா’ன்னு கேட்டா. குடுத்தேன், நின்னு போச்சு. குடுத்துட்டா அப்புறம் யாருடி என்னைக் கூப்பிடப் போறீங்க?”

கட்டாயம் கூப்பிடுகிறேன் என்றாள் ஊசி. வண்டி தெரு முனையில் திரும்பும்வரை அக்கா அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம்.

ஊசி கூப்பிட்டாளா என்று கேட்கிறீர்கள். கூப்பிட்டாள், ஒரு தடவை. ஆணிக்கு ஏன் அவ்வளவு பிடித்தீர்கள் என்று கேட்பதற்கு.

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நமக்குச் சொந்த வீடு, நம்மிடம் யார் அட்வான்ஸும் இல்லை, நாம் தப்பித்தோம் என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். உங்களோடு முன்பு வேலை பார்த்த ஒருவர், அல்லது தூரத்து மச்சான் ஒருவர், அவ்வப்போது போன் செய்து உங்கள் ரத்த அழுத்தத்திலிருந்து வீட்டு நாய் வரைக்கும் அக்கறையாக விசாரித்துவிட்டு, “வேற ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்” என்று இழுத்து, போனை வைக்காமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாரா? எவ்வளவு பாசமான மனிதர் என்று வீட்டில்கூடச் சொல்லியிருப்பீர்கள். அவருக்கு உங்கள் மேல் ஏன் இத்தனை பாசம் என்று, பழைய கைமாற்றுகளையும் நினைவுபடுத்திக்கொண்டு, ஒரு முறை யோசித்துப் பாருங்களேன். நிதானமாகவே யோசியுங்கள். தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றுதான் அவரும் சொல்லுவார்.