மக்ரூன் மாஸ்டரின் மீசை

தூத்துக்குடியில் மக்ரூனைத் தின்னாமல் வீணடித்த ஒரே மனிதர் எங்கள் ஜிம் மாஸ்டர்தான். மக்ரூன் மாஸ்டர் என்று கேட்டால் பேக்கரிக்காரர்களே வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

பளு தூக்கிய மறுநாள் தசை தேறிவிட்டதா என்று பார்க்க ஊரெல்லாம் கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டுகிறது. மாஸ்டரோ கையை நீட்டச் சொல்லி, இரண்டு விரலுக்கிடையில், முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் சுட்ட மொறுமொறு மக்ரூன் ஒன்றைச் சொருகுவார். தசை சோர்ந்திருந்தால் கை நடுங்கும். நடுங்கினால் அது பொலபொலவென்று உதிரும். உதிர்ந்தால் அன்றைக்கு ஓய்வு.

“மாஸ்டர், தோள்பட்டை கழண்டு விழுத மாதிரி வலிக்கி.”

“அதை நீ சொல்லாதலே. மக்ரூன் சொல்லட்டும்.”

இதை நம்பி, மாப்பிள்ளையூரணி ஜிம்மோடு கயிறு இழுக்கும் போட்டிக்குத் தன் மீசையையே பந்தயம் வைத்தார். சாதாரண மீசையா அது! அதற்கு எண்ணெய் போட்ட பிறகுதான் பல்லே தேய்ப்பார்.

போட்டிக்கு முந்தின நாள் எங்களைப் பிழிந்து காயப்போட்டார். மறுநாள் கடற்கரையில், விடியற்காலையிலிருந்து தட்டில் திறந்து வைத்திருந்த மக்ரூன்களை ஆளுக்கொன்றாக விரலில் சொருகினார். டீ கிளாஸைத் தூக்கவே எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. கை கிடுகிடுவென்று ஆடியது. மக்ரூன் உதிரவில்லை. எவனுக்குமே உதிரவில்லை.

“எல்லாவனும் தேறிட்டீங்கலே! போய் இழுங்க!”

விசில் ஊதியதும் கயிறு எங்களை இழுத்துக்கொண்டு போனது. வாயெல்லாம் மணல். எழுந்து வந்து ஆத்திரத்தில் ஒரு மக்ரூனைக் கடித்தேன். சவ்வாக இழுபட்டது.

“மாஸ்டர், கடக்காத்துல நமத்துப் போயிருக்கு!”

அவர் ஒன்றை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு நேராக சலூனுக்கு நடந்தார்.

அதோடு ஜிம் பூட்டிக் கிடந்தது. மனசு கேட்காமல் வீட்டுக்குப் போனோம். துண்டால் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தார்.

“இனிமே ஜிம்மே கிடையாது. போங்கலே.”

கடையில் சுடச்சுட வாங்கி வந்த மக்ரூனை அவர் விரலில் சொருகினேன். பொலபொலவென்று உதிர்ந்தது.

“நீங்க இன்னும் தேறல மாஸ்டர். ரெஸ்ட் எடுங்க. நாளைக்கு வாரோம்.”

தினமும் போனோம், தினமும் உதிர்ந்தது. மீசை கறுப்பாக எட்டிப் பார்த்த ஒரு காலையில் மக்ரூன் உதிராமல் அப்படியே நின்றது. மாஸ்டர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டு ஜிம் சாவியை எடுத்தார்.

அவர் மக்ரூன் தின்று அன்றைக்குத்தான் பார்த்தோம். சந்தோஷத்தில் எங்களுக்குத்தான் கை நடுங்கியது.