ஜெயவேலின் கைமணம்

இந்த வீட்டில் காப்பி என்ற பெயரில் நடக்கிற அநியாயத்துக்கு இன்றோடு ஒரு முடிவு கட்டுவது என்று ஜெயவேல் தீர்மானித்தார். அப்போது அவர் கையில் டம்ளர் இருந்தது. டம்ளரின் அடி தெரிந்தது. நிறைய காப்பி இருக்கும்போதே தெரிந்தது.

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறவர் ஜெயவேல். புடவையைப் பார்க்கக்கூட வேண்டாம், முந்தானையை இரண்டு விரலால் தேய்த்தாலே போதும். சுத்தப் பட்டா, கலப்பா, ஜரிகை எப்படி, விற்க வந்தவர் சொல்வதில் பொய் எவ்வளவு, எல்லாம் சொல்லிவிடுவார். விரலுக்கு இருக்கிற ஞானம் நாக்குக்கும் இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. பஜாரில் எந்தக் கடைக் காப்பியானாலும் ஒரு வாய் குடித்துவிட்டு, "பால்ல தண்ணி, பொடில சிக்கரி, போர்டுல மட்டும் டிகிரி" என்று தீர்ப்பு சொல்வார். கடைக்காரர்களும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். தினமும் வருகிற ஆள், வேறு என்ன செய்வது?

"பரிமளா!"

அவர் மனைவி பரிமளா கூடத்தில் உட்கார்ந்து, புதிதாக வந்த புடவைகளை விரித்து விரித்துப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜெயவேல் பகல் முழுக்கக் கடையில் உட்கார்ந்து விற்பதை அவள் காப்பிக்கும் டிபனுக்கும் நடுவில் விற்றுவிடுவாள். இந்த விஷயத்தை வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

"இது இன்னா?" என்றார் ஜெயவேல்.

"காப்பிங்க."

"காப்பியா? காப்பிக்கொட்டை குளிச்சிட்டுப் போன தண்ணி மாதிரி இருக்குது."

"பால் இன்னைக்குக் கொஞ்சம் தண்ணியா வந்துடுச்சுங்க."

"பாலும் தண்ணி, டிகாஷனும் தண்ணி. இந்த வூட்ல தண்ணி ஒண்ணுதான் திக்கா வருது."

வழக்கமாக இந்த இடத்தில் சண்டை ஆரம்பிக்கும். ஜெயவேல் அதற்குத் தயாராக வேட்டியை இறுக்கிக்கொண்டார். பரிமளா போனைக் கீழே வைத்தாள். பெருமூச்சு விட்டாள்.

"எனக்கு வந்தது அவ்ளோதாங்க. உங்க நாக்குக்கு ஏத்த மாதிரி எனக்குப் போட வரல. நீங்களே ஒரு நாள் போட்டுக் காட்டுங்களேன். பாத்துக் கத்துக்கறேன்."

விற்கிறவன் தானாக விலையைக் குறைத்தால் புடவையில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இது ஜெயவேலுக்குத் தொழிலில் தெரியும். வீட்டில் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பித்தளை ஃபில்டர் வந்தது. கண்ணெதிரில் அரைத்துக் கொடுத்த பொடி வந்தது. ஆரணி பஜாரே திரும்பிப் பார்க்கும்படி அந்தப் பொட்டலத்தை மோந்துகொண்டே நடந்து வந்தார். மறுநாள் காலை அடுக்களையில் சொற்பொழிவு நடந்தது. பரிமளாவும் மகள் லாவண்யாவும் கைகட்டி நின்று கேட்டார்கள்.

"காப்பில பாதி பால்லதான் இருக்குது. பாலை நாமளே பாத்து வாங்கணும், வேற யாரையும் நம்பக் கூடாது. ஃபில்டரை ஒருத்தரே தேய்க்கணும். கண்டவங்க கை பட்டா வாசனை போச்சு. அடுப்பு பக்கத்துல வேற வேலை வெச்சிக்கக் கூடாது. கவனம் செதறிடும்."

"எழுதிக்கட்டுமாப்பா?" என்றாள் லாவண்யா.

"மனசுல எழுதிக்கோ."

பரிமளா மனசில் எழுதிக்கொண்டாள்.

டிகாஷன் இறங்கியது. பால் பொங்கியது. ஜெயவேல் டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கி, டபராவை இடுப்புக்குக் கீழே பிடித்து ஆற்றினார். பாதி டபராவிலும் மீதி பாதி வேட்டியிலும் விழுந்தது. தப்பிப் பிழைத்ததைக் கொண்டுவந்து பரிமளாவிடம் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். திறக்கவே இல்லை.

"இன்னா ஆச்சு?" ஜெயவேல் பயந்துவிட்டார்.

"பேசாதீங்க. உள்ள எறங்கிகினு இருக்குது."

லாவண்யாவும் குடித்தாள். "அப்பா, இதுக்கு முன்னாடி நாம குடிச்சதெல்லாம் இன்னாப்பா?" என்று கேட்டாள்.

"கைமணம்ங்க இது," என்றாள் பரிமளா. "படிச்சு வராது. பொறவிலயே இருக்கணும்."

ஜெயவேல் அன்று கடைக்குப் போகும்போது தரையில் கால் பாவவில்லை. வந்த வாடிக்கையாளர்களிடம் புடவையைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் டிகாஷனைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் காலை பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கம் முடிந்தது. விளையாட்டுப் பக்கமும் முடிந்தது. வரி விளம்பரம் வரைக்கும் படித்தாகிவிட்டது. காப்பி வரவில்லை.

"பரிமளா, காப்பி?"

"நான் போட்டுடுவேங்க. ஆனா நேத்து அப்படி ஒண்ணைக் குடிச்சிட்டு, இன்னைக்கு என் காப்பியை எந்த மூஞ்சியை வெச்சிகினு உங்க கைல குடுப்பேன்? மனசு கேக்கல."

ஜெயவேலுக்கு மனசு குளிர்ந்தது. எழுந்து போய்க் காப்பி போட்டார்.

அதற்கு மறுநாளும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் கேட்கவே இல்லை. ஃபில்டர் கழுவாமல் கிடந்தது. "கண்டவங்க கை படக் கூடாதுன்னீங்களே" என்றாள். அவரே தேய்த்தார். பால் வரவில்லை. "வேற யாரையும் நம்பக் கூடாதுன்னீங்களே" என்றாள். விடிந்தும் விடியாமலும் பை எடுத்துக்கொண்டு பால் பூத்துக்கு அவரே போனார். சந்தவாசலிலிருந்து அவள் அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். "உங்க கைமணத்தைப் பத்தி போன்ல சொன்னேன். கேட்டுட்டு எப்படிங்க வராம இருப்பாங்க?" என்றாள். காலைக் காப்பிக்குச் சாயங்காலக் காப்பி துணைக்கு வந்தது. ஜெயவேலின் காலைப் பேப்பர் மடிப்புக் கலையாமல் பழைய பேப்பர்காரருக்குப் போக ஆரம்பித்தது. காப்பியை ஆற்றி ஆற்றிக் கை வலித்தது. ஆறுதல் சொல்லத்தான் யாரும் இல்லை.

ஒரு நாள் பால் பூத் வரிசையில் அவருக்கு முன்னால் பக்கத்து வீட்டுத் தனக்கோடி நின்றிருந்தார். பவர்லூம் வைத்திருப்பவர். முகம் வாடியிருந்தது.

"ஏன்யா ஜெயவேலு, நான் உனுக்கு இன்னா துரோகம் பண்ணேன்?"

"நான் இன்னா பண்ணேன் தனக்கோடி?"

"உன்னைக் காட்டிக் காட்டி என் வூட்டுக்காரி என்னைப் பாலுக்கு அனுப்பிட்டா. அடுத்தது ஃபில்டராம். பெரிய பேஜாராப் போச்சு."

"அது ஒரு கலைப்பா. எனக்குப் பொறவிலயே..."

"கலையாவது ஒண்ணாவது! உன் வூட்ல உன்னை வேலைக்கு வெச்சிருக்காங்க. அது கூட தெரியாம காலரைத் தூக்கிகினு திரியற."

ஜெயவேல் பால் பாக்கெட்டைப் பார்த்தார். பால் பாக்கெட் அவரைப் பார்த்தது. ஒரு மாதமாக நடந்ததெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. குளிர் காற்றிலும் அவருக்கு வேர்த்தது.

"இப்ப இன்னா பண்றது?"

"ஒரே ஒரு நாள் கேவலமாப் போடு," என்றார் தனக்கோடி. "வாயில வெக்க முடியாத மாதிரி. மறுநாள் அந்தம்மாவே ஜல்தியா வந்து ஃபில்டரைப் புடுங்கிக்கும். நீயும் தப்பிப்ப, நானும் தப்பிப்பேன்."

திட்டம் எளிமையாக இருந்தது. மட்டமான பொடி ஒன்று வாங்கினார். அதில் பாதிக்கு மேல் சிக்கரி. போதாது என்று தனியாகவும் சிக்கரி வாங்கிக் கலந்தார். நல்ல பொடி இருந்த டப்பாவை, வீட்டில் இருந்தால் ஆபத்து என்று, தனக்கோடி வீட்டில் கொடுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கலவையை ஃபில்டரில் போட்டு, நன்றாகக் கசக்கட்டும் என்று வேண்டுமென்றே கொதித்துப் பொங்கும் தண்ணீரை ஊற்றினார். இறங்கியதைப் பார்த்தார். ரோடு போடலாம் போல இருந்தது. திருப்தியாகக் குளிக்கப் போனார்.

துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், பரிமளா பட்டுப்புடவை கட்டி நிற்கிறாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லீங்க. தேசூர்க்காரங்க வர்றாங்க."

தேசூர்க்காரர்கள் என்றால் லாவண்யாவுக்குப் பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை கோபிநாத் சென்னையில் வேலை பார்க்கிறான். லாவண்யாவும் அவனும் போனில் பேசி, பிடித்துப்போய், பெரியவர்கள் வந்து பார்ப்பது மட்டும்தான் பாக்கி. நல்ல இடம். ஜெயவேல் கைவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்திருந்த இடம்.

"அடுத்த வாரம்னு தானே சொன்னாங்க?"

"படவேடு கோயிலுக்கு வந்தாங்களாம். போற வழிதானே, பொண்ணைப் பாத்துட்டே போயிடறோம்னாங்க. தெரு முனைக்கு வந்துட்டாங்க. அந்தம்மாவுக்கு காப்பின்னா உசுராம். நல்லவேளை, நீங்க டிகாஷன் எறக்கி வெச்சிட்டீங்க."

ஜெயவேல் அடுக்களைப் பக்கம் ஒரு அடி வைத்தார். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அங்க எங்க போறீங்க? சட்டையைப் போட்டுகினு போய் வாங்கன்னு கூப்பிடுங்க. மீதியை லாவண்யா பாத்துப்பா."

மாப்பிள்ளையின் அப்பா இராஜமாணிக்கம் பேசாத மனிதர். பேசாததற்குக் காரணம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா விருத்தாம்பாள்.

"எங்களுக்குப் பலகாரம் எல்லாம் வேணாங்க," என்றார் விருத்தாம்பாள். "ஒரு வாய் காப்பி போதும். காப்பியைப் பாத்தா குடும்பத்தைப் பாத்த மாதிரி. எங்க வூட்டுக்கு வந்த பெரிய மருமவ சரண்யாவைக்கூட காப்பியை வெச்சுத்தான் முடிவு பண்ணேன்."

ஜெயவேலின் நெற்றியில் வேர்வை இறங்கியது. டிகாஷன் மாதிரி சொட்டுச் சொட்டாக.

"வெயிலா இருக்குதுங்களே, மோர் சாப்பிடறீங்களா?"

"மோர் சேராதுங்க."

"இளநீ? இதோ நானே ஓடிப் போய்..."

"உக்காருங்க சம்பந்தி. காப்பி வாசனை வந்துடுச்சு."

வந்துவிட்டது. லாவண்யா தட்டோடு வந்தாள். கோபிநாத் அவளைப் பார்த்தான். அவள் கோபிநாத்தைப் பார்த்தாள். ஜெயவேல் தட்டைப் பார்த்தார். விருத்தாம்பாள் டம்ளரை எடுத்து, உதட்டுக்கு அருகில் கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க!"

ஜெயவேல் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. லாவண்யாவின் கண்ணில் தண்ணீர் கட்டியது. அதைப் பார்த்ததும் அவரால் எதையும் மறைக்க முடியவில்லை.

"பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. காப்பி போட்டது நானு. வேணும்னே கெடுத்து வெச்சேன். பொடி மட்டம். பாதிக்கு மேல சிக்கரி. நீங்க வரப்போறது தெரியாது. இதை வெச்சு எங்க குடும்பத்தை எடை போட்டுடாதீங்க. என்னை இன்னா வேணாலும் சொல்லுங்க, என் பொண்ணு தங்கம்."

விருத்தாம்பாள் அவரைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

இராஜமாணிக்கம் முதல் தடவையாக வாய் திறந்தார். "இன்னொரு டம்ளர் கெடைக்குமா?"

ஜெயவேல் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துப் பார்த்தார். அவர் நாக்கு பொய் சொல்லாது. அவர் வாழ்நாளில் குடித்ததிலேயே நல்ல காப்பி அதுதான். அவர் போட்டதெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூட லாயக்கில்லாதது.

"சக்கரை எடுத்துகினு வர்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினார். பரிமளா இரண்டாவது ஈடு பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கழுவுகிற தொட்டியில் கறுப்பாக ஏதோ ஊற்றிய கறை காயாமல் இருந்தது. பக்கத்தில் நல்ல பொடி டப்பா.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"தனக்கோடி அண்ணன் வூட்டுக்காரி காலைலயே கொண்டாந்து குடுத்துட்டா. அண்ணனை ஒரு மெரட்டுதான் மெரட்டினாளாம், எல்லாத்தையும் சொல்லிட்டாராம். நீங்க குளிக்கும்போது கீழ ஊத்திட்டு வேற எறக்கினேன்."

"இந்த மாதிரி காப்பி போட உனக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"அப்புறம் ஏன் இத்தினி வருஷமா தண்ணியா குடுத்த?"

"நல்லாப் போட்டிருந்தா நீங்க இந்த அடுக்களைப் பக்கம் வந்திருப்பீங்களா?"

ஜெயவேல் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டார். கூடத்திலிருந்து விருத்தாம்பாளின் குரல் இருவரையும் கூப்பிட்டது.

"எங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குது," என்றார் விருத்தாம்பாள். "ஆனா ஒரே ஒரு கண்டிசன்."

ஜெயவேல் பரிமளாவின் பக்கம் நகர்ந்து நின்றார்.

"நகை, சீர் எல்லாம் உங்க இஷ்டம். கல்யாணத்தன்னைக்கு காலைல மாப்பிள்ளை வூட்டாரு அத்தினி பேருக்கும் காப்பி சம்பந்தி கையாலதான் போடணும். இந்தக் கைமணத்தை எங்க ஊரு மொத்தமும் பாக்கணும். இதோ இவரும் பக்கத்துல நின்னு கத்துக்குவாரு."

இராஜமாணிக்கம் ஜெயவேலைப் பார்த்த பார்வையில் உறவு முறை எதுவும் இல்லை.

தப்பிக்க இதுதான் கடைசி வாய்ப்பு என்று ஜெயவேலுக்குத் தெரிந்தது. கைகூப்பினார். "சம்பந்தியம்மா, சத்தியமா சொல்றேன். இதை நான் போடல. என் பொண்டாட்டி போட்டது. எனக்குக் காப்பியே போட வராது!"

விருத்தாம்பாளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. புருஷன் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? மொதல்ல கெடுத்துட்டேன்னாரு. இப்ப பொண்டாட்டி போட்டதுன்றாரு. எவ்ளோ தன்னடக்கம்! பேரைக்கூட பொண்டாட்டிக்கு விட்டுக்குடுக்கறாரு. நீங்களும் இருக்கீங்களே."

ஜெயவேல் உதவிக்காக மனைவியைப் பார்த்தார். பரிமளா தலையைக் குனிந்து, புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அடக்கமாகச் சொன்னாள்:

"அவரு எப்பவும் இப்படித்தாங்க. ஒரு நானூறு பேருக்குப் போட்டா கூச்சம் தெளிஞ்சிடும்."