எண்ணெய் அண்ணாச்சியின் பொங்குமாங்கடல்

நான் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தவர்களிலேயே, படுத்த நிமிடத்தில் எனக்கு வேலை தெரியாது என்று அறிவித்தவர் எண்ணெய் அண்ணாச்சி ஒருவர்தான். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று, தென்காசியில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு அவரை அவர் மனைவி இழுத்து வந்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு மரியாதை என்று, அண்ணாச்சி உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி பட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கி இறங்கின. துடைத்து, மறுபடி ஒட்டி, கருவியை வைத்தேன்.

“இது என்ன தாயி, பூனை நடக்குத மாதிரி? மணிக்கட்ட வளச்சு அமுக்கு. இப்படித் தொட்டா எப்படி நோவு போவும்?”

“நோவு போக்க இல்ல அண்ணாச்சி, படம் எடுக்க.”

“எடு எடு. பிடி தப்பு, அதத்தான் சொல்லுதேன்.”

படத்தில், இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில் பெரிய ஓட்டை. பிறவியிலேயே இருந்திருக்கிறது. இடப்பக்க ரத்தம் அதன் வழியே பாய்ந்து, வலப்பக்கம் வீங்கியிருந்தது. சென்டருக்கு வரும் வெளியூர் இதய டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: இப்போது அடைக்கலாம், நுரையீரலில் அழுத்தம் ரொம்ப ஏறிவிட்டால் பிறகு அடைக்க முடியாது, ஆள் தேற மாட்டார்.

அண்ணாச்சி அசரவில்லை.

“பேரருவி நேரா தலைல விழுந்தா எவன் பொழைப்பான்? நடுவுல பொங்குமாங்கடல்னு ஒரு பள்ளம் இருக்குல்லா, அதுல விழுந்து பொங்கித்தான் கீழ வருது. நம்ம நெஞ்சுலயும் ஆண்டவன் அப்படி ஒண்ணு வச்சிருக்கான். அதப் போய் அடைக்கச் சொல்லுதியளே.”

பொங்குமாங்கடல் புரியாமல் வெளியூர் டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொல்லுங்கம்மா. நான் சொன்னா கேக்க மாட்டாக.”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். “பள்ளத்துல பொங்குத தண்ணில பாதி மலைக்கே திரும்பிப் போனா, கீழ எப்படிக் குளிப்பாக? உங்க ரத்தம் அப்படித்தான் அண்ணாச்சி. உடம்புக்கு இறங்காம நுரையீரலுக்கே திரும்பிப் போவுது.”

அண்ணாச்சி திரையை எட்டிப் பார்த்தார். “தண்ணி கீழ இறங்கலன்னா குத்தாலத்துல ஒருத்தனும் கட தொறக்க முடியாது” என்றார். பிறகு மனைவியிடம், “சரி, தைக்கச் சொல்லு.”

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாக ஸ்கேன் குழாய் விட்டு இதயத்தைப் பார்த்தார்கள். ஓட்டையின் ஓரத்தில் பிடிமானம் இல்லாததால், தொடை ரத்தக்குழாய் வழியே மூடி பொருத்த வழியில்லை. நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேலுறையிலிருந்தே ஒரு துண்டு எடுத்து ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்த மறுநாள், முதுகைத் தட்டிவிட வந்த பிசியோதெரபிஸ்டுக்கு அண்ணாச்சி பாடம் எடுத்தாராம்.

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியபோது மறுபரிசோதனைக்கு வந்தார். படுத்ததும் குறட்டை. திரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் நிறம், இதயத்தின் நடுச்சுவரைத் தாண்டி ஒரு கீற்றுகூடப் பாயவில்லை. “கசிவு இல்லை” என்று எழுத அந்த ஒரு பார்வை போதும். வெளியே ஸ்கேனுக்காக ஆலங்குளத்திலிருந்து வந்தவர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் திரையில் அந்தத் தைத்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.