ஜெய்ப்பூர் மார்பிள்

கிட்டார் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் சண்முகசுந்தரம் அறைக் கதவைச் சாத்திவிட்டார்.

அது வருங்கால மாப்பிள்ளை லோகநாதனின் கிட்டார். புதன்கிழமை ஆவடிக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவன், மழை பிடித்துக்கொண்டதால் அதை இங்கேயே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை நிச்சயத்துல வாசிக்கிறேன் மாமா, பத்திரம்" என்று சொல்லிப் பாடியிலுள்ள தன் வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தான். பத்திரமாக இருக்கட்டுமே என்று பரண் மேல் ஏற்றப் போனதில்தான் கை நழுவியது.

மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தந்திகளுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும் வெள்ளைத் துண்டுகள் இரண்டும் விண்டு போயிருந்தன. தந்திகள் துணி காயாத கொடிபோல் தொங்கின.

மகள் கஸ்தூரிக்கு எத்தனையோ வரன் தட்டிப்போய் அமைந்த இடம் இது. பையனின் அப்பா ஜெயராமன் லேசுப்பட்டவர் அல்ல. பெண் பார்க்க வந்த அன்று காபியைத் தொடுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "சுத்த சைவம்தானே? கேக்குல முட்டை வாசனை அடிச்சாலே நாங்க தட்டைத் தூக்கி எறியற குடும்பம்." போதாக்குறைக்குச் சகுனமும் பார்ப்பவர். மாப்பிள்ளையின் கிட்டார் பெண் வீட்டில் உடைந்தது என்று காதில் விழுந்தால் போதும், தட்டு மாறாது.

தொழிற்சாலையில் சண்முகசுந்தரத்தோடு வேலை பார்க்கும் அந்தோணிராஜ், சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மேல இருக்கறது நட்டு, கீழ இருக்கறது சேடில். கடையில ஆர்டர் குடுத்தா பத்து நாள் ஆவும்ணே. கெட்டியா எதனா குடுங்க, ராவிப் போட்டுர்றேன்."

கெட்டியாகக் கைக்குக் கிடைத்தது மனைவி ஜெகதாம்பாளின் சீப்பு. அதன் முதுகை அறுத்துப் பொருத்தினார்கள். மீட்டினால் அரிசி மூட்டையைத் தட்டியதுபோல் 'தொப்' என்றது.

அடுத்தது பித்தளை. வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். இந்த முறை எவர்சில்வர் கடையில் அடுக்கு சரிந்த சத்தம். ஒரு தந்தியும் அறுந்தது. அன்றிலிருந்து வாசல் கதவு காற்றுக்கெல்லாம் தானாகத் திறந்துகொண்டது.

ஜெகதாம்பாள் விரித்த கூந்தலோடு வீடு முழுக்கத் தேடினாள். "என்னங்க, சீப்பையும் தாழ்ப்பாளையும் மட்டும் எடுத்துட்டுப் போற திருடன் எந்த ஊர்ல இருக்கான்?"

சண்முகசுந்தரம் பேப்பரை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார்.

புதுத் தந்தியோடு வந்த அந்தோணிராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கோச்சுக்காதீங்கண்ணே. இதுக்குன்னே பொறந்தது ஒண்ணு இருக்குது. எலும்பு."

சண்முகசுந்தரம் காதைப் பொத்திக்கொண்டார். சனிக்கிழமை வரை பொத்திக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழி தெரியாமல் கிளம்பினார். அந்தோணிராஜுக்கு ஓவர்டைம். ஆவடியில் கறிக்கடைப் பக்கம் திரும்பினாலே ஊர் பேசும். எனவே தெரிந்த முகமே இல்லாத நசரத்பேட்டைக்குப் பஸ் ஏறி, குடையை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி கஜபதி என்பவனின் கறிக்கடைக்குள் நுழைந்தார். அந்தக் குடையில் அவருடைய பெயரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது அப்போது அவர் நினைவில் இல்லை.

"எத்தினி கிலோ சார்?"

"எலும்பு மட்டும். தொடை எலும்பு. தடிமனா, நேரா, கோணல் இல்லாம."

பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தும் பார்த்தார்.

"கொயம்புக்கா சார்?"

"இல்லப்பா. வாசிக்க."

கஜபதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான். சண்முகசுந்தரம் பொட்டலத்தோடு ஓட்டமும் நடையுமாக வெளியேறினார். குடை கடையிலேயே நின்றுவிட்டது.

அந்தோணிராஜின் மனைவி செலின் எலும்பை வேகவைத்துக் கொடுத்தாள். "அண்ணே, இந்தத் தண்ணிய கொட்டிறவா, மிளகு போட்டு எறக்கவா?" என்று அவள் கேட்டபோது அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார். நாலு நாள் வெயிலில் காய வேண்டும் என்றான் அந்தோணிராஜ். வெளியே விடாத மழை. ஈரம் போகாமலே ராவிப் பொருத்தினார்கள்.

ஞாயிறு பிற்பகல். பழமும் வெற்றிலையும் பட்டுப்புடவையுமாகத் தட்டுகள் காத்திருக்க, லோகநாதன் கிட்டாரை எடுத்து மீட்டினான். அறை முழுக்க ஒரு நாதம் பரவி நின்றது. அவனே வியந்துபோய் விரலை எடுத்தான்.

ஜெயராமன் குனிந்து பார்த்தார். "வெள்ளையா புதுசா இருக்கே? என்ன பொருள் இது?"

"மார்பிள்" என்றார் சண்முகசுந்தரம். வாய் முந்திக்கொண்டது. "ஜெய்ப்பூர் மார்பிள். மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன அன்பளிப்பு."

ஜெயராமன் முகம் மலர்ந்தது. மகன் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு விரியத் திறந்தது. நனைந்த தெருநாய் ஒன்று உள்ளே வந்து, சொஜ்ஜியைத் தாண்டி, பஜ்ஜியைத் தாண்டி, நேராகக் கிட்டாரிடம் போய் அந்த வெள்ளைத் துண்டை நக்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

ஜெயராமன் எழுந்தார். "சம்பந்தி, மார்பிளை நாய் நக்குமா?"

கஸ்தூரியின் கண்ணில் நீர் தளும்பியது. ஜெகதாம்பாளுக்குச் சீப்பு, தாழ்ப்பாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரியத் தொடங்கியது.

"உண்மையைச் சொல்லுங்க. அது எலும்புதானே?" என்றார் ஜெயராமன்.

ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்த சண்முகசுந்தரம், திறந்த கதவுக்கு வெளியே சைக்கிளை நிறுத்துபவனைப் பார்த்து அப்படியே உறைந்தார். கஜபதி. கையில் அவருடைய குடை.

எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"மார்பிள்தான்" என்றது ஒரு குரல். ஜெயராமனின் குரல்.

கண்ணைத் திறந்தார். ஜெயராமன் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவர்க் காலண்டருக்குள் மூக்கை நுழைக்காத குறையாக நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"ஜெய்ப்பூர் மார்பிளை நாய் நக்கத்தான் நக்கும், குளுமையா இருக்குமில்ல? ராகு காலம் வந்துடப் போவுது, தட்டைக் குடுங்க சம்பந்தி, சீக்கிரம்."

ஒன்றும் புரியாமலே சண்முகசுந்தரம் தட்டை நீட்டினார். ஜெயராமன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டு, தன் தட்டையும் அப்படியே கொடுத்தார். தட்டு மாறிவிட்டது. புதன்கிழமையிலிருந்து அடைத்திருந்த மூச்சு சண்முகசுந்தரத்துக்கு இப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

கஜபதி குடையை நிலைப்படியில் சாய்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அட, பாடி சாரு! செவுத்தப் பாத்துக்கினு நின்னா நமக்கு அடையாளம் தெரியாதா? வாரா வாரம் ஒங்களுக்குனு ஈரலு எடுத்து வெச்சிக்கினு குந்திக்கினு கீறேன், இன்னிக்கு இன்னா ஆளையே காணோம்?"